ஆசை எத்தனை நிமிஷம் நிற்கும்?

எடை மெஷின் பொய் சொல்கிறது என்று கிரிவர் சௌபே என் கடை வாசலில் நின்று சத்தம் போட்டது மகாளய பட்சத்தின் ஆறாம் நாள் காலையில்.

"இறங்கி மறுபடி ஏறு" என்றேன்.

இறங்கினான். ஏறினான். அதே சிவப்பு எண்தான் விழுந்தது. நூற்று நாலு கிலோ இருநூறு கிராம்.

"பட்சம் ஆரம்பிக்கறப்போ நூத்தி மூணு. அஞ்சே நாள்ல ஒண்ணே கால் கிலோ எங்கேருந்துடா வந்துச்சு, தீனு?"

"அஞ்சு நாளா எங்கெங்கே சாப்பிட்டே?"

"நான் எங்கே சாப்பிட்டேன்? முதல் நாள் அல்வர் ஊர்க்காரரோட அப்பா சாப்பிட்டாரு. ரெண்டாம் நாள் கோட்டாக்காரரோட தாத்தா. மூணாம் நாள் ரெண்டு வீடு, ஒரு மாமனாரும் ஒரு பெரியம்மாவும். அவங்க சாப்பிட்டது என் வயித்துல எப்படிடா ஏறும்?"

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகம் அப்படியே வெளிறிப் போயிருந்தது. ஆறு வாரமாக வேகவைத்த சுரைக்காயும் ஒரு ரொட்டியுமாகக் கிடந்து இளைத்தவன், இந்தப் பதினாறு நாளும் கணக்கிலேயே வராது என்று நிஜமாகவே நம்பியிருக்கிறான். சிராத்தத்தில் பிராமணன் வாய்க்குப் போவது பித்ருக்களுக்குப் போகிறது என்றால், அதில் இருக்கிற நெய்யும் சர்க்கரையும் அவர்களோடு போக வேண்டியதுதானே? வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இந்தத் தப்பு வராது. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வரும். மருந்துக்கடை வைத்திருக்கிற எனக்கே ஒரு நிமிஷம் அது நியாயமாகத்தான் பட்டது.

"புண்ணியம் அவங்களுக்குப் போகுது. கொழுப்பு உனக்கு வருது" என்றேன் கடைசியில்.

"இதை யாரும் என்கிட்ட முன்னாடியே சொல்லலையே!" என்று அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டான்.

நாங்கள் மதுராவின் சௌபேக்கள். யமுனைப் படித்துறைக்கு வருகிறவர்களுக்குச் சங்கல்பம் செய்து வைப்பது, அவர்கள் போடுகிற விருந்தைச் சாப்பிடுவது, இதுதான் பரம்பரைத் தொழில். சாப்பிடுவதைத் தொழிலென்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். நான் அதை விட்டுவிட்டு மாத்திரை விற்கப் போனவன், அதனால் தெருவில் எனக்கு 'மாத்திரை சௌபே' என்று பெயர். கிரிவர் விடவில்லை. அவனுக்குப் பதினாறு வயதில் பூணூலோடு கூட ஒரு பெரிய பசியும் வந்து சேர்ந்ததென்று அவன் அம்மா சொல்லுவாள். பத்தொன்பது வயதில் கோட்டா சேட் வீட்டு விருந்தில் வயிறு முட்டச் சாப்பிட்டு முடித்த பிறகு, யாரோ சீண்டிவிட்டார்கள் என்று அறுபத்தோரு பேடா சாப்பிட்டான். சேட் கையெடுத்துக் கும்பிட்டு, போதும் குருவே, என் தாத்தாவே நேரில் வந்திருந்தாலும் இவ்வளவு சாப்பிட்டிருக்க மாட்டார் என்றாராம். அந்தக் காலத்தில் காலையில் மல்யுத்தம், சாயந்திரம் யமுனையில் இக்கரைக்கும் அக்கரைக்கும் நீச்சல். முப்பது வயதில் முழங்கால் விட்டுப்போய் மல்யுத்தம் நின்றது, பிறகு நீச்சல் நின்றது. சாப்பாடு மட்டும் பழைய வேகத்திலேயே போய்க்கொண்டிருந்தது.

இப்போது ஐம்பத்திரண்டு. இரண்டு வருஷமாகத் தொப்புளுக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு வீக்கம். அது ஆரஞ்சுப்பழ அளவுக்கு வந்த பிறகுதான் எனக்கே காட்டினான். குடலிறக்கம். போன சித்திரையில் ஒரு தடவையும் ஆடியில் ஒரு தடவையும் அது உள்ளே போகாமல் சிக்கிக்கொண்டு, ஆக்ராவில் ஒரு அறுவை டாக்டரம்மா கையாலேயே மெதுவாகத் தள்ளிவிட்டார். "மூணாவது தடவை என் கைக்கு வராது" என்று அவர் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். உடனே அறுத்துத் தைக்க முடியாதா என்றேன். இந்தக் கொழுப்பின் மேல் தைத்தால் தையல் நிற்காது, மயக்க மருந்தும் ஆபத்து, நூறு கிலோவுக்கு மேலே ஒரு கிராம் இருந்தாலும் கத்தியைத் தொட மாட்டேன் என்றார். அமாவாசைக்கு மறுநாள் தேதி கொடுத்தார். அதை விட்டால் அவர் வெளிநாடு போய்விடுவார், திரும்பி வர நாலு மாசம் ஆகும்.

கிரிவரின் அண்ணன் மனோகர் இதே வீக்கத்தோடு தில்லி ரயிலில் ஏறினவன். பல்வல் தாண்டும்போது சிக்கிக்கொண்டது. ரயில் நின்று ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அதனால் கிரிவரின் மனைவி சந்திராவலி ஆறு வாரமாகச் சமையலறையில் சர்க்கரை டப்பாவையே வைக்கவில்லை, என் வீட்டில் கொடுத்துவைத்திருந்தாள். தெருவில் போகும்போது என்னைப் பார்த்தால் வேறு எதுவும் கேட்க மாட்டாள். "இன்னிக்கு எவ்வளவு?" என்பாள். நான் எண்ணைச் சொல்லுவேன். அதைக் கேட்டுக்கொண்டு போய்விடுவாள்.

அந்த ஆறாம் நாள் நான் சொன்ன எண்ணைக் கேட்டுவிட்டு அவள் அழுதாள். நடுத்தெருவில், காய்கறிப் பையோடு.

விருந்துக்கே போகாமல் இருந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன்.

"போகாம இருக்கறதா? மூணு தலைமுறையா அவங்க வர்றாங்க. 'என் அப்பாவுக்குச் சாப்பிட வாங்க'ன்னு ஒருத்தன் அறுநூறு மைல் தாண்டி வந்து நிக்கறான். 'உங்கப்பாவுக்குச் சாப்பிடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு'ன்னா சொல்லுவேன்?"

"குறைச்சுச் சாப்பிடு."

"இலையில இருக்கறதை மிச்சம் வெச்சா, அவங்கப்பா மிச்சம் வெச்சாருன்னு அழுவாங்கடா. உனக்கென்ன, பாட்டில்ல இருமல் மருந்து ஊத்திக் குடுக்கறவன்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆகவே நாங்கள் யோசித்தோம். யோசனை அவனுடையதுதான். இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைப்பதுதான் சிராத்தத்தில் வழக்கம். ஆனால் பாதி வீடுகளில் யாரும் அதை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. பூரி, பால்பாயசம், பூசணிக்கறி, ஜாங்கிரி என்று கடையில் சொல்லிவிடுகிறார்கள். அதனால் கிரிவர் முதல் நாள் சாயந்திரமே போய் விசாரிக்க ஆரம்பித்தான். உங்க அப்பாவுக்கு என்ன பிடிக்கும்? உங்க அம்மா என்ன சாப்பிடுவாங்க? சர்க்கரை பிடிக்காத பித்ரு யாராவது மாட்ட மாட்டாரா என்ற தவிப்புதான் அது, வேறொன்றுமில்லை.

ஏழாம் நாள் அவன் அதிர்ஷ்டம். பிகானேர்காரர் ஒருவர், அப்பாவுக்குப் பாகற்காய் என்றால் உயிர் என்றார். கிரிவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து அவர் பயந்தே போனாராம். "பாகற்காயே பண்ணுங்க, பாயசம் எதுக்கு, அவர் பாயசத்தைத் தொட்டிருப்பாரா?" என்று இவன் கேட்க, அவர் யோசித்துப் பார்த்து, இல்லை குருவே, பாயசத்தைப் பார்த்தாலே எழுந்து போய்விடுவார் என்றார். எட்டாம் நாள் ஒரு கிழவியம்மாள், கடைசிப் பத்து வருஷம் கஞ்சியும் உப்பும்தான். ஒன்பதாம் நாள் கிடைத்தது ஒரு தாசில்தார். அவருக்கு மோர் மட்டும் போதும், அதுவும் புளித்தது.

ஆனால் இதில் ஒன்று நாங்கள் எதிர்பார்க்காதது நடந்தது. கேட்டால் ஜனங்கள் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் என்ன பிடிக்காது என்று வருகிறது, அதற்குப் பின்னால் யாரோடு சண்டை, எதற்காக ஒரு தடவை வீட்டை விட்டுப் போனார், யார் போய்க் கூட்டி வந்தார்கள் என்று வருகிறது. இலையில் பூரி ஆறிப் போகிறது. சாப்பிட்டு முடித்த பிறகு எத்தனை பூரி போட்டோம் என்று யாருக்கும் நினைவில்லை. பத்தாம் நாள் வருவதற்குள் படித்துறையில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. கிரிவர் இப்பல்லாம் சாப்பிடறதில்ல, விசாரிக்கறான் என்று. சொன்னது பொறாமையில். ஆனால் அதைக் கேட்டு இரண்டு புது வீட்டுக்காரர்கள் அவனைத் தேடி வந்தார்கள்.

வீடுகளில் இப்படிச் சமாளித்தான். சமாளிக்க முடியாதது என் கடைக்கு எதிரில் இருந்தது.

எதிர்க்கடைக்காரன் தினமும் சாயந்திரம் நாலு மணிக்குப் பேடாவுக்கு கோவா வறுக்க ஆரம்பிப்பான். இரும்புச் சட்டியில் பால் சுண்டிச் சுண்டி, பழுப்பாகி, ஏலக்காய் விழுகிற நேரத்தில் சந்து முழுவதும் அந்த வாசனை நிற்கும். அந்த நேரத்துக்கு கிரிவர் எப்படியோ என் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்திருப்பான். ஏன் வருகிறாய் என்றால், எடை பார்க்க என்பான். சாயந்திரம் எடை பார்க்கக் கூடாது என்று நூறு தடவை சொல்லியாயிற்று.

பத்தாம் நாள் சாயந்திரம் அப்படி உட்கார்ந்திருந்தவன் திடீரென்று என்னிடம் கேட்டான்.

"தீனு, இந்த ஆசை வருதே. இது எப்ப முடியும்?"

"சாப்பிட்டா முடியும்."

"அது தெரியும். சாப்பிடலேன்னா?"

உதட்டைப் பிதுக்கினேன். எனக்குத் தெரியாது.

"எனக்கும் தெரியாதுடா" என்றான். "ஐம்பத்திரண்டு வருஷத்துல ஒரு தடவைகூட நான் காத்திருந்ததில்ல. ஆசை வரும், கை போயிடும். வீட்டுல சர்க்கரை இல்லாதப்பகூட, வேற எங்கேயாவது போய்த் தேடறதுலயே நேரம் போயிடும். ஆனா சும்மா உக்காந்து, அதை அப்படியே பாத்துக்கிட்டு, அது கடைசியில என்ன பண்ணுதுன்னு நான் பாத்ததே இல்ல."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு பன்னிரண்டு. "இப்ப வந்திருக்கா?"

"கழுத்து வரைக்கும் வந்திருக்கு."

"அப்படியே இரு. சொல்லிக்கிட்டே இரு."

அடுத்த கொஞ்ச நேரம் என் வியாபாரம் கெட்டது. காய்ச்சல் மாத்திரைக்கு வந்த ஒருவரை உட்காரச் சொன்னேன், அவரும் என்னவென்று தெரியாமல் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார். கிரிவர் கண்ணை மூடிக்கொண்டு, உடம்புக்குள் எங்கே என்ன நடக்கிறது என்று எனக்கு ஒவ்வொன்றாகச் சொன்னான். முதலில் காதுக்குக் கீழே இழுக்கிறது. பிறகு வாயில் நீர். பிறகு வலது கை தானாகவே மடியிலிருந்து எழுந்துவிட்டது, அவனே அதை இடது கையால் பிடித்து உட்கார வைத்தான். ஐந்தாம் நிமிஷத்தில் நியாயங்கள் வர ஆரம்பித்தன. ஒரே ஒரு பேடாதானே. நாளைக்கு ஒரு வேளை விட்டால் போச்சு. எதிர்க்கடைக்காரன் சின்ன வயதுச் சிநேகிதன், அவன் மனசு கஷ்டப்படுமே.

"பேஷ்" என்றார் காய்ச்சல்காரர். "இந்த நியாயமெல்லாம் எனக்கு பீடி விஷயத்துல வரும்."

எட்டாம் நிமிஷத்தில் கிரிவருக்குக் கோபம் வந்தது. என்னைத் திட்டினான், டாக்டரம்மாவைத் திட்டினான், மெஷினை ஒரு உதை விட்டான். பத்தாம் நிமிஷம் பேச்சு நின்றது. நான் பயந்து எழுந்தேன். அவன் கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தான்.

"போயிடுச்சு."

"என்ன போயிடுச்சு?"

"அது. போயிடுச்சுடா. எனக்குத் தெரியாமலே. வாசனை இருக்கு, ஆனா அது இல்ல." கொஞ்சம் அவமானப்பட்டவன் மாதிரி இருந்தான். "இவ்வளவுதானா? இதுக்காடா நான் இத்தனை வருஷம் ஓடினேன்?"

கடிகாரத்தில் நாலு இருபத்து மூன்று. பதினொரு நிமிஷம்.

ஒரு தடவை பார்த்ததை நம்பக் கூடாது என்று நான் சொன்னேன், அவனும் ஒப்புக்கொண்டான். அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு அதுதான் வேலை. காலண்டரின் பின்பக்கத்தில் நான் எழுதிக்கொண்டே வந்தேன். ஒன்பது நிமிஷம். பதினாலு. பன்னிரண்டு. ஒரு நாள் எதிர்க்கடைக்காரன் குறும்பாக ஒரு தட்டில் சூடான பேடாவை எடுத்துக்கொண்டு வந்து அவன் மூக்குக்கு நேரே பிடித்தான். அன்றைக்குப் பதினெட்டு. அதுதான் அதிகம். அதைத் தாண்டவே இல்லை. தாண்டினது ஒரே ஒரு தடவை, நாற்பது நிமிஷம், அன்று மத்தியானம் படித்துறையில் யாரோ பாங்கு, அதாவது கஞ்சா இலை, அரைத்துக் கலந்த பால் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்த பிறகு பாங்கையும் விட்டான். பேடாவை விட்டதைவிட அது பெரிய தியாகம் என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள்.

ஆசை போய்விடுகிறது என்றால் வராமலே இருக்கிறதென்று அர்த்தமில்லை. மறுநாள் அதே நேரத்துக்கு அதே ஜோரோடு வரும். ஆனால் கிரிவர் இப்போது அதைக் கண்டு பயப்படவில்லை. "வந்தாச்சு" என்பான், பெஞ்சில் சாய்ந்துகொள்வான். அவனைவிட எனக்குத்தான் அதில் வெறி பிடித்துவிட்டது. இரண்டு நாள் என் மேலேயே வைத்துப் பார்த்தேன், வெற்றிலைக்கு. ஏழு நிமிஷம்.

அமாவாசை காலை எண் நூறு கிலோ முந்நூறு கிராம். சந்திராவலியிடம் சொன்னேன். "இன்னிக்கு ஒரு வேளை தாண்டிட்டா போதும், தம்பி. நீங்களும் வந்து பக்கத்துல உக்காருங்க" என்றாள். நான் தொழிலை விட்டவனென்றாலும் அமாவாசையன்று பிராமணர்களுக்குத் தட்டுப்பாடு. விருந்து கிரிவர் வீட்டிலேயே, சந்திராவலி சமையல். போய் உட்கார்ந்தேன்.

அன்று வந்தது ஒரு பெண். ஹாத்ரஸ் ஊர்க்காரி, பெயர் ஊர்மிளா, நாற்பது வயது இருக்கும், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்பா நவல்கிஷோர் பெருங்காய வியாபாரி. அவருக்கு ஒரே பெண், அதனால் அவளே வந்திருந்தாள். முதல் நாள் சாயந்திரம் கிரிவர் வழக்கம்போல என்ன பிடிக்கும் என்று கேட்டதற்கு, நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். கொண்டு வந்து வைத்தாள். ஒரு கிலோ பேடா, அட்டைப்பெட்டியில்.

கிரிவர் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

காகத்துக்கும் பசுவுக்கும் நாய்க்கும் வைத்தாயிற்று. இலையில் பூரியும் பூசணிக்கறியும் விழுந்தன. கிரிவர் இரண்டு பூரி சாப்பிட்டான். பிறகு அவள் அவன் எதிரில் தரையில் உட்கார்ந்து ஒரு பேடாவை எடுத்து இலையில் வைத்தாள். கிரிவர் அதை மெதுவாக, முழு கவனத்தோடு சாப்பிட்டான். இரண்டு மாசத்தில் அவன் வாய்க்குப் போன முதல் பேடா. அவள் இரண்டாவதை வைத்தாள். அவன் தொடவில்லை. அவள் மூன்றாவதை எடுத்தாள்.

"போதும்மா."

"இல்ல சௌபேஜி. நீங்க சாப்பிடணும். நீங்க வயிறு நிறைஞ்சு போதும்னு சொல்ற வரைக்கும் நான் வெச்சுக்கிட்டே இருப்பேன்னு வேண்டிக்கிட்டு வந்திருக்கேன்."

"யாருக்கு வேண்டிக்கிட்டே?"

அப்போதுதான் அவள் சொன்னாள். அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. கால் விரலில் புண். மதுராவுக்கு வந்தால் பேடா வாங்காமல் திரும்பாத மனுஷர், வீட்டில் ஒளித்துவைத்துச் சாப்பிடுவார். அவள் எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயந்திரம் அவர் ஒன்றே ஒன்று கேட்டார். நாளைக்கு என்றாள். விடிகிறபோது அவர் இல்லை.

"கேட்டுக்கிட்டே போயிட்டாரு, சௌபேஜி. அந்த ஆசையோடயே போயிட்டாரு. ஒரு பேடா. சாவி என்கிட்ட இருந்துச்சு. நான் அதுக்கப்புறம் இனிப்பையே தொடல. உங்க வாய் வழியாப் போனா அவருக்குப் போகும்னு சொல்றாங்க. சாப்பிடுங்க. தயவுசெஞ்சு சாப்பிடுங்க."

சமையலறை வாசலில் சந்திராவலி கரண்டியோடு நின்றிருந்தாள், அவள் முகத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை. எனக்கு அந்தப் பெண் மேல் கோபம் வந்தது, அவள் மேல் பரிதாபமும் வந்தது. ஒரு கிலோவும் சாப்பிட்டால் நாளைக் காலை ஆக்ராவில் டாக்டரம்மா திருப்பி அனுப்பிவிடுவார். சாப்பிடாவிட்டால் இவள் இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹாத்ரஸ் வரை அழுதுகொண்டே போவாள்.

கிரிவர் கையை இலையின் மேல் விரித்து வைத்துக்கொண்டான்.

"அன்னிக்கு எத்தனை மணிக்குக் கேட்டாரு, மகளே?"

அவள் விழித்தாள். "ஏழு... ஏழு மணி இருக்கும்."

"நீ நாளைக்குன்னு சொன்னதும் என்ன பண்ணினாரு?"

"கோவிச்சுக்கிட்டாரு. முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. நீயெல்லாம் ஒரு பொண்ணான்னு கேட்டாரு." மூக்கை உறிஞ்சினாள்.

"மறுபடி கேட்டாரா?"

"இல்ல."

"வேற என்ன பண்ணினாரு? யோசிச்சுச் சொல்லு. எனக்கு இது தெரியணும்."

கிரிவர் அவளைத் தேற்றுவதற்காகக் கேட்கவில்லை. எனக்கு அந்த முகம் தெரியும். தினமும் நாலு மணிக்குப் பெஞ்சில் பார்க்கிற முகம். அவனுக்கு நிஜமாகவே தெரிந்தாக வேண்டும். அவளும் அதை உணர்ந்திருக்க வேண்டும், அழுகையை நிறுத்திவிட்டு, கணக்கு டீச்சர்கள் யோசிக்கிற மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள்.

"ரேடியோ போடச் சொன்னாரு. ஏழே கால் செய்தி. அதைக் கேட்டாரு. வெங்காய விலையைச் சொன்னாங்க, அதுக்கு ஏதோ சொல்லிச் சிரிச்சாரு. அப்புறம்... அப்புறம் பக்கத்து வீட்டுக்காரன் சுவர் எழுப்பறானே, அதைப் பத்திப் பேசினாரு. ரொம்ப நேரம் பேசினாரு. உனக்கு ஒண்ணும் தெரியல, முனிசிபாலிட்டியில எழுதிக் குடுன்னாரு. அப்புறம் படுத்துட்டாரு."

"கோவமாவா படுத்தாரு?"

"இல்ல. போர்வையை இழுத்து விடச் சொன்னாரு. விட்டேன்."

"தீனு" என்றான் கிரிவர் அவளிடமிருந்து கண்ணை எடுக்காமல். "அதிகபட்சம் எவ்வளவு?"

"பதினெட்டு நிமிஷம்" என்றேன்.

"கேட்டுக்க, மகளே. இவன் மருந்துக்கடைக்காரன், எதையும் நம்ப மாட்டான், கடிகாரம் வெச்சுப் பாத்திருக்கான். என்னைவிடப் பேடாவுக்கு ஆசைப்பட்டவன் இந்த மதுராவுல கிடையாது. அது வரும், ஆட்டும், திட்ட வைக்கும். குடுக்கலேன்னா பதினெட்டு நிமிஷத்துக்குள்ள போயிடும். உங்கப்பாவுக்கு ஏழு மணிக்கு வந்துச்சு. ஏழே காலுக்கு வெங்காய விலைக்குச் சிரிச்சிருக்காரு. அவருக்குப் போயிடுச்சும்மா. அவர் ஆசையோட போகல. சுவரைப் பத்தின கவலையோட போயிருக்காரு, அதுக்கு நீ முனிசிபாலிட்டியிலதான் எழுதிக் குடுக்கணும். அந்தப் பேடாவை அவர் அன்னிக்கே விட்டுட்டாரு. நீதான் மூணு வருஷமா வெச்சிருக்கே."

அவள் கையில் இருந்த மூன்றாவது பேடாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே யாரோ மணி அடித்துக்கொண்டு போனார்கள். ரொம்ப நேரம் கழித்து, வெங்காயம் அப்போ என்ன விலை இருந்தது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முன்னே அழுததைவிட இது சத்தமாக இருந்தது. சந்திராவலி கரண்டியை வைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள்.

"சாப்பிடு, பொண்ணே. உனக்கு எந்த டாக்டரும் எதுவும் சொல்லலையே."

ஊர்மிளா அந்தப் பேடாவைச் சாப்பிட்டாள். ஒரு ஓரத்தைக் கடித்து, நிறுத்தி, பிறகு முழுவதையும். இலையிலிருந்த இரண்டாவதையும் சந்திராவலி எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

மறுநாள் ஐந்தரைக்கு, ஆக்ரா பஸ்ஸுக்கு முன்னால், கிரிவர் என் கடை வாசலில் நின்றான். ஷட்டரைத் தூக்கி மெஷினை வெளியே எடுத்து வைத்தேன். சட்டையைக் கழற்றிவிட்டு ஏறினான். ஆனால் கீழே பார்க்கவில்லை.

"தீனு, நான் நேத்து அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேனே. அது நிஜம்தானா?"

"எது?"

"அவருக்குப் போயிருக்கும்னு. நாம என்னோடதைத்தானே அளந்தோம்? சாகக் கிடக்கறவனோடதை நாம அளக்கலையே. அது வேற மாதிரி இருந்தா?"

"எண்ணைப் பாரு முதல்ல."

"நீ சொல்லு."

"எனக்குத் தெரியாதுடா" என்றேன். "தெரிஞ்சுக்க வழியும் இல்ல."

ராத்திரி முழுக்க இதையே புரட்டிக்கொண்டிருந்திருக்கிறான் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"சரி" என்றான். "ஆனா அந்தப் பொண்ணு சாப்பிட்டுச்சுல்ல?"

"ரெண்டு சாப்பிட்டா."

"ரெண்டு" என்று சொல்லிக்கொண்டே அவன் குனிந்து பார்த்தான். தொண்ணூற்றொன்பது கிலோ தொள்ளாயிரம் கிராம்.